கர்ப்பப்பையை எடுக்காமல் அதிக ரத்தப்போக்குக்குச் சிகிச்சை: ஒரு மதிப்புரை

மாதவிடாயின்போது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, ரத்தம் கட்டி கட்டியாகப் போனாலோ, நம் குடும்பங்களில் முதலில் கிடைக்கும் அறிவுரை, "அதுதான் பிள்ளை பெற்றாயிற்றே, கர்ப்பப்பையை எடுத்துவிடு" என்பதே. சிங்கப்பூர் அரசாங்க மருத்துவமனை ஒன்றின் மகளிர் வெளிநோயாளிப் பிரிவில் நான் பெற்ற சிகிச்சையைப் பற்றி எழுத அந்த அறிவுரையே காரணம். எதையும் எடுக்காமல், முழு மயக்கமும் கொடுக்காமல், மருத்துவரின் அறையை ஒட்டிய சிகிச்சை அறையிலேயே செய்யக்கூடியவை பல இருக்கின்றன.

பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்தோடு சென்றதால் மானியக் கட்டணம் கிடைத்தது. சந்திப்புக்குக் காத்திருந்த காலம் நீண்டதுதான். அதுவரை ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் என்னை நடமாட வைத்தன. (முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் ஹீமோகுளோபின் 8க்கு இறங்கிவிட்ட பிறகு கீரையை மட்டும் நம்பியிருக்க முடியாது.)

இந்தப் பிரிவின் பெரிய பலம், எதையும் செய்வதற்கு முன் அதன் காரணத்தைச் சொல்வது. நான் 45 வயதைக் கடந்தவள் என்பதால், புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய, மெல்லிய உறிஞ்சுகுழாய் ஒன்றால் கருப்பையின் உட்சவ்விலிருந்து முதலில் திசு எடுத்தார்கள். பிறகு உப்புநீரைச் செலுத்திக் கருப்பையை விரித்து, நுண்கேமராவால் உள்ளே பார்த்தார்கள். திரையில் இளஞ்சிவப்பாக ஒரு சிறு சதைவளர்ச்சி அசைந்தது. அதை அப்போதே அகற்றினார்கள்.

உட்சவ்வை வெப்பத்தால் அழிக்கும் நோவாஷூர் முறையையும் மருத்துவர் விளக்கினார். ரேடியோ அலை செலுத்தும் நேரம் அதிகம் போனால் இரண்டு நிமிடம்தான். ஆனால் இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அதற்குப் பிறகும் கரு தரித்தால் ஆபத்து என்பதால் கருத்தடையைக் கைவிடக் கூடாது. நான் கருப்பைக்குள் பொருத்தும் மிரீனா என்ற சிறு சாதனத்தைத் தேர்ந்தெடுத்தேன். மாதிரி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்கள்: 32 மில்லிமீட்டர் நீளம், ஆங்கில 'டி' வடிவம், வால்போல இரண்டு நூல்கள். அதிலுள்ள 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் சிறிது சிறிதாகக் கசிந்து உட்சவ்வை மெலியச் செய்கிறது. முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் சொட்டுச் சொட்டாக ரத்தம் படலாம் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்ததால், அப்படி நேர்ந்தபோது நான் கலங்கவில்லை. இப்போது மெல்லிய நாப்கினே போதுமானதாக இருக்கிறது.

வலியைப் பற்றி மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. "சற்று இழுப்பதுபோல் இருக்கும்" என்றார்கள். கருப்பை வாயைக் கவ்வியால் பிடித்தபோதும், சாதனம் உள்ளே சென்றபோதும் வந்த வலி, மூச்சை அடைக்கும் அளவுக்குக் கடுமையாக இருந்தது. சில நிமிடங்களில் அது தணிந்தது. தாதி என் கையைப் பிடித்துக்கொண்டார், அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைத்தார், "எழுந்திருக்க அவசரம் வேண்டாம் அக்கா" என்றார். அந்தக் கனிவை நான் மறக்கமாட்டேன். ஆனாலும், கருப்பை வாயில் மரத்துப்போகும் மருந்து போடும் வழி இருக்கிறது என்பது அனைத்தும் முடிந்த பிறகே எனக்குத் தெரியவந்தது. கருப்பைச் சாதனம் பொருத்தும் முன் வலியைப் பற்றிப் பேச வேண்டும், மரப்பு மருந்து பயன்படக்கூடும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கும்போது, இங்கே நோயாளி தானாகக் கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை சரியன்று.

தோழிகளை இந்தப் பிரிவுக்குத் தயங்காமல் அனுப்புவேன். செல்லும் முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: வலி மாத்திரையை எப்போது போட வேண்டும், மரப்பு மருந்து உண்டா, கட்டணத்தில் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம். சந்திப்புக் கடிதத்தில் இந்த மூன்றுக்கும் இரண்டு வரி சேர்க்குமாறு மருத்துவமனையின் கருத்துப் படிவத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.