பிறப்பால் வந்த நம்பிக்கையும் மாறி வந்த நம்பிக்கையும்

தஞ்சைப் பகுதியில் சைவக் குடும்பத்தில் பிறந்தவர் ஏன் திருநீறு இடுகிறார் என்று எவரும் கேட்பதில்லை. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் அவர் நேர்ந்துகொண்டு போய் வந்தாலும் அவருடைய சைவத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. கேள்வி எழாத இடத்தில் பிடிப்பு சற்றுத் தளர்வாகவே இருக்கும். அதை நான் குறையாகக் கருதவில்லை.

மதம் மாறியவரின் நிலை வேறு. ஜெர்மானியக் கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பின் உருவான சபையில் சேர்ந்து, 1733-இல் போதகரான ஆரோன் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். இவ்வாறு மாறுபவர் பலருக்குக் கல்யாணப் பந்தியில் இடமும், பெண் கொடுத்து எடுக்கும் உறவும், சில வேளைகளில் சொத்துப் பங்கும்கூட இல்லாமற் போகலாம். இவ்வளவு இழந்து பெற்றதை அற்பமென்று ஒப்புக்கொள்ள மனம் இசையாது என்பதை உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் முன்வைத்த மனமுரண் கோட்பாடு (எண்ணமும் செயலும் முரண்படும்போது அம்முரணைக் குறைக்க மனம் முயலும் என்பது) கொண்டு விளக்கலாம். தவிர, “ஏன் போனாய்?” என்று பழைய உறவும், “முழுமனத்தோடுதான் வந்தாயா?” என்று புதிய சபையும் கேட்கும்போது, பதில் சொல்லிச் சொல்லியே நம்பிக்கை இறுகுகிறது.

இந்த உறுதிக்கு இழப்பு ஒன்றே காரணமென்றும் சொல்வதற்கில்லை. அரைமனத்துடன் மாறியவர்கள் சத்தமின்றித் திரும்பிவிடுவதால், நம் கண்ணில் படுவோர் உறுதியானவர்களே.

இந்த இரு பிரிவிலும் அடங்காதவர் அப்பர். சைவராகப் பிறந்து, சமணத் துறவியாக வாழ்ந்து, மீண்டும் சைவரானவர் என்கிறது மரபு. உழவாரப் படையுடன் கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய பிறகே அவர் திருப்புகலூரில் முத்தியடைந்தார்.