வேர் நுனியில் கிராம்பா, சுண்ணாம்பா?

பல் வலித்தால் கிராம்பை அடக்கிக்கொள்வதும், பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதும் இராமநாதபுரம் கரையோரத்தில் பழகிய வழக்கங்கள். பல் மருத்துவர் குழைக்கும் சிமெண்டுகளிலும் இவ்விரண்டின் வாரிசுகளே எதிரெதிராக நிற்கின்றன. பல்லின் வேர் நுனியில் அடைக்கும் சிமெண்டு தாடை எலும்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே, அதனருகே எலும்பாக்கச் செல்கள் தாதுவைப் படியவிடுகின்றனவா என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

கிராம்பின் சத்தான யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்த சிமெண்டு வலியைத் தணிக்கும். ஆனால் ஈரம் பட்டால் அதன் பிணைப்பு அவிழ்ந்து யூஜினால் கசியும். செறிவு மிகுந்தால் அது செல்களுக்கு நஞ்சு. பல்திசு இடையே நின்று செல்களைக் காக்கும் இடத்தில், தற்காலிக அடைப்புக்கு அது போதும். எலும்பருகே நான் அதை ஏற்கமாட்டேன். கிளாஸ் அயனோமர் என்னும் மற்றொரு பல் சிமெண்டு பல்லோடு நன்கு ஒட்டும் என்றாலும், இறுகுமுன் அமிலத்தன்மை கொண்டது.

சுண்ணாம்பின் வாரிசான கால்சியம் சிலிகேட் சிமெண்டு வகையின் மூத்தது, அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான எம்.டி.ஏ. (மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட்). அதில் ஏறத்தாழ 75 விழுக்காடு போர்ட்லாந்து சிமெண்டு, 20 விழுக்காடு பிஸ்மத் ஆக்சைடு, 5 விழுக்காடு ஜிப்சம். (அதற்காகக் கட்டுமானக் கடை மூட்டையை எவரும் பல்லுக்கு நினைக்க வேண்டாம், தூய்மை வேறு.) நீரோடு சேர்ந்து இறுகுகையில் அது கலயத்தில் பூசும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடை வெளியிடுவதால், அதன் பி.எச். அளவு 10.2இலிருந்து சுமார் 3 மணி நேரத்தில் 12.5ஐ எட்டுகிறது. இந்தக் காரம் தொடக்கத்தில் ஒட்டியிருக்கும் செல்களைச் சுடவே செய்யும். பின்னர், கசியும் கால்சியம் திசுநீரின் பாஸ்பேட்டுடன் கூடி, எலும்பின் தாதுவை ஒத்த அபடைட் படலமாகப் படிய, அதன்மேல் செல்கள் பற்றிப் படர்கின்றன.

அதே வகையைச் சேர்ந்த பிந்தைய சிமெண்டான பயோடென்டினும் இவ்வழியில்தான் செயல்படுகிறது. வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. எம்.டி.ஏ. இறுக ஏறத்தாழ 165 நிமிடம், பயோடென்டினுக்குச் சுமார் 12 நிமிடம். நுனி மூடாத வேரில் எம்.டி.ஏ.வை இட்டு, ஈரப்பஞ்சு வைத்து அனுப்பி, மீண்டும் வரச் சொல்வதுண்டு. இராமேசுவரத்திலிருந்து பாம்பன் கடந்து இராமநாதபுரத்துக்குச் சிகிச்சைக்கு வருபவருக்கு அந்த இரண்டாம் பயணம் சிறிய செய்தியன்று. பிஸ்மத்தால் பல் கறுக்கும் குறையும் பயோடென்டினில் இல்லை. அதில் பிஸ்மத்துக்குப் பதிலாக இருப்பது சிர்கோனியம் ஆக்சைடு.

இச்சிமெண்டுகளருகே செல்கள் தாதுவைப் படியவிடுவதாகக் காட்டும் ஆய்வுப் படங்களைப் பார்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுண்டெலிக் குட்டியின் மண்டையோட்டிலிருந்து வளர்த்த செல்களில் தாது படிந்ததைக் காட்டும் அலிசரின் சிவப்பு என்னும் சாயம், எந்தக் கால்சியத்தையும் பற்றும். சிமெண்டே சொரிந்த கால்சியமும் அதில் அடக்கம். செல் இல்லாத கிண்ணத்திலும் அதே சிமெண்டை வைத்துச் சாயமேற்றினார்களா என்பதையே நான் முதலில் தேடுவேன்.