ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3: விற்கும்போது விலை எதில் ஏறும், எதில் இறங்கும்

நல்ல நிலையில் இருக்கும் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3 காரை, அதாவது நான்கு கதவு ஹெரால்டை, விற்க எடுக்கிறவர் முதலில் பின்கதவுகளைப் பார்க்கட்டும். என்ஜின் பிறகு. இதன் மூல வண்டியான டிரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் கடைசிவரை இரண்டு கதவு வண்டிதான். நான்கு கதவு மாடல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி இந்தியாவுக்கென்றே செய்தது. என்ஜினின் உட்பாகங்கள் பல, முன் சஸ்பென்ஷன் சாமான்கள் போன்றவை டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் குடும்பத்தோடு பொதுவானவை. அந்தக் குடும்பத்துக்கு இங்கிலாந்தில் இன்றும் ஸ்பேர் பார்ட்ஸ் தயாரிக்கிறார்கள், காசு கொடுத்தால் வீட்டுக்கே வந்துசேரும். பின்கதவுத் தகடு, அதன் கண்ணாடி, கண்ணாடியைப் பிடிக்கும் ஃபிரேம், ரப்பர் பீடிங் இவற்றைச் செய்து விற்க அங்கே யாருமில்லை. இன்னொரு ஹெரால்டை உடைத்தால்தான் உண்டு. ஓடாத என்ஜினோடு நல்ல பாடி இருக்கும் வண்டிக்கு, சீறிக்கொண்டு ஓடும் துருப்பிடித்த வண்டியைவிடக் கூடுதல் விலை கேட்பது முழுக்க நியாயம்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. 1961இல் இரண்டு கதவோடு தொடங்கிய ஹெரால்டுக்கு 948 சிசி, நான்கு சிலிண்டர் என்ஜின். முதல் கியருக்கு சின்குரோ (ஓடும்போதே கியர் சீராக விழ வைக்கும் அமைப்பு) கிடையாது, வண்டி நின்ற பிறகே போட வேண்டும். சுமார் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். மயிலாப்பூர்ச் சந்துக்குள் இதை ஓட்டியவருக்கு இன்றைய சின்னக் கார்களே அசமந்தமாகத் தெரியும். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு என்ஜின் வேலை பார்க்கலாம். மெக்கானிக்குக்கு இவ்வளவு வசதி தந்த கார் குறைவு.

மற்ற பல கார்களில் பாடியே எலும்புக்கூடு. ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம். அதன்மேல் பாடி போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது. நடுவில் முதுகெலும்பு போல இரண்டு பட்டைகள் ஓட, அவற்றிலிருந்து கிளைபோல நீளும் கைகள் பாடியைத் தாங்குகின்றன. தண்ணீரும் சேறும் தங்குவது அந்தக் கைகளின் நுனியில். அங்கே துரு அரித்தால் பாடி அரை அங்குலம் இறங்கும். அது முதலில் தெரிவது கதவு இடுக்கில். முன்கதவின் பின் விளிம்பை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பாருங்கள். மேலே நாலு மில்லிமீட்டர், கீழே எட்டு என்று இடைவெளி விரிந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. பானெட் ஒரு பக்கம் ஏறி நிற்பதும் பல நேரம் இதன் அடையாளம்தான். பானெட்டின் அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டைத் திருகி அதை மறைத்து அனுப்பிவிடலாம். விவரம் தெரிந்த வாங்குபவர் வண்டியை ஏற்றி நிறுத்தி, ஸ்குரூ டிரைவர் பிடியால் அந்தக் கைகளைத் தட்டிப் பார்ப்பார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உளுத்தது பொத்தென்று சொல்லும். அவர் வருமுன் நீங்களே தட்டிப் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். டிக்கித் தரை, ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம் இரண்டையும் தரைவிரிப்பை உரித்துவிட்டுப் படமெடுங்கள்.

இயந்திரத்தில் இரண்டு இடங்களை மட்டும் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் இரண்டும் பட்டறைப் பழக்கத்தால் கெடுபவை.

ஒன்று, முன்சக்கரத்தின் கீழ்ப்பக்கம் இருக்கும் டிரனியன். பித்தளை நிற உலோகத்தில் மரை வெட்டிய ஒரு கட்டை அது. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டு அந்த மரைக்குள் திரும்பும். இதற்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். பெரும்பாலான பட்டறைகளில் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, நாளாக ஆக இறுகி வழியையும் அடைத்துவிடும். அடியில் தண்ணீர் தங்கித் தண்டு துருப்பிடிக்கும். பிறகு ஒருநாள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். முன்பக்கம் ஜாக்கி போட்டு, சக்கரங்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கையால் திருப்புங்கள். எங்கும் பிடிக்காமல் போனால் நல்லது. பிடித்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், தண்டில் துருக்குழி இருந்தால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். கிரீஸ் கன்னைக் கழுவிக் கியர் ஆயில் நிரப்பி அடித்தால் போதும், பழைய எண்ணெய் மேலே கசிந்து வரும்வரை. ஆண்டுக்கு இரண்டு முறை.

இரண்டு, என்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் திரஸ்ட் வாஷர்கள். அரைவட்ட வில்லைகள். கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் சுமை இவற்றின்மேல் விழும். சிக்னலில் கியரிலேயே வைத்துக் கிளட்சை மிதித்து நிற்கும் பழக்கம் இவற்றைத் தின்றுவிடும். தேய்ந்து மெலிந்தால் வில்லை நழுவி எண்ணெய்த் தொட்டியில் விழும். அதன்பின் எஃகுத் தண்டு என்ஜின் பிளாக்கின் இரும்போடு உரசும், பிளாக்கே பாழ். சோதனை ஒரு நிமிட வேலை: என்ஜினை அணைத்து, ஒருவர் கிளட்சை மிதித்து விட, இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். கண்ணுக்கே தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் ஆபத்து. அசைவை அளக்கும் டயல் கேஜில் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். வாஷரின் விலை அற்பம். விற்பதற்கு முன் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

பின்பக்கம் குறுக்கே கிடக்கும் ஒற்றை வில் பட்டை தொய்ந்தால் ஆளில்லாத வண்டியிலேயே சக்கரங்களின் தலை உள்ளே சாய்ந்து நிற்கும். பட்டறையில் வளைவு ஏற்றித் தரலாம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்து, நான்கு சிலிண்டருக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் அந்தச் சீட்டைக் கோப்பில் சேருங்கள்.

இனிப் பெயின்ட். விற்பதற்காகப் புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். இதில் எங்களுக்குச் சமரசமே இல்லை. வெளிறி, மேடான இடங்களில் தேய்ந்து அடிப்பூச்சு எட்டிப் பார்க்கும் கம்பெனிப் பெயின்ட், அடியில் இருப்பது அசல் தகடு என்பதற்கான அத்தாட்சி. புதுப் பளபளப்பைப் பார்த்ததும் வாங்குபவருக்கு எழும் முதல் சந்தேகம், அடியில் பள்ளம் நிரப்பும் பட்டி எவ்வளவு என்பதுதான். தடிமன் பார்க்கும் மீட்டரில் அசல் பூச்சு 100 மைக்ரானை ஒட்டிக் காட்டும், மறுபூச்சு 250, 300 என்று ஏறும். 500ஐத் தாண்டினால் பட்டி. மீட்டர் இல்லாதவர் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை நகர்த்திப் பார்க்கலாம், பட்டி உள்ள இடத்தில் வழுக்கி விழும். நிறம் மாற்றியிருந்தால் பதிவுச் சான்றான ஆர்.சி.யிலும் அந்த நிறம் ஏறியிருக்க வேண்டும்.

மாற்றங்களை நாங்கள் ஒரே கேள்வியால் எடைபோடுவோம்: ஒரு மதியத்துக்குள் பழையபடி திருப்ப முடியுமா? டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் வைத்தது குற்றமில்லை, பழைய லூகாஸ் டைனமோவையும் அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கட்டவுட்டையும் பெட்டியில் போட்டுக் கூடவே கொடுத்தால். வேறு கம்பெனி என்ஜினும் கியர்பாக்ஸும் ஏற்றச் சேஸிஸில் வெட்டி வெல்டு வைத்த வண்டி கிளாசிக் சந்தையில் மதிப்பை இழந்துவிட்டது. ஆர்.சி.யில் இருக்கும் என்ஜின் எண் பிளாக்கில் வெட்டியிருக்கும் எண்ணோடு பொருந்த வேண்டும்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் இதில் ஊறிப் பிசுபிசுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போடுங்கள். விற்பனை இழுத்துக்கொண்டே போனால் டாங்கை வடித்து வையுங்கள், எத்தனால் ஈரத்தை இழுத்து டாங்கின் அடியில் துரு வைக்கும்.

காகிதத்துக்கு வருவோம், ஏனென்றால் பேரம் முறிவது இங்கேதான். 2021இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், பாடி, என்ஜின் பெரிதாக மாற்றப்படாத தனியார் கார் விண்டேஜ் வகையில் சேரலாம். ஹெரால்டுகளுக்கு அந்த வயது வந்துவிட்டது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிவாகிறவற்றுக்கே வி.ஏ. வரிசை. எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கும் மதராஸ் காலத்து எண்ணுக்கு ஆசைப்பட்டே வாங்க வருகிறவர்கள் உண்டு, அதைத் தொலைத்துவிடாதீர்கள். ஆனால் விண்டேஜ் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் ஓட்ட ஆசைப்படும் வாங்குபவருக்குச் சாதாரணப் பதிவே மேல். அதற்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஃபாரம் 25 கொடுத்துப் பதிவை (பேச்சுவழக்கில் எஃப்.சி.) புதுப்பிக்க வேண்டும். 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025இல் இந்தக் கட்டணம் 10,000 ரூபாயாக உயர்ந்தது. எங்கள் கருத்து: சாதாரண எஃப்.சி. உயிரோடு இருந்தால் அப்படியே விற்றுவிடுங்கள், விண்டேஜுக்கு மாற்றுவதா என்பதை வாங்குபவர் முடிவு செய்யட்டும்.

வண்டி இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருந்தால் முதலில் ஃபாரம் 31 வழியாக வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும், ஆகவே விளம்பரத்துக்கு முன்பே தொடங்குங்கள். வெளிமாநிலத்துக்குப் போகிற வண்டிக்கு ஃபாரம் 28இல் தடையில்லாச் சான்று வேண்டும்.

விளம்பரத்தில் இருபது படமாவது இருக்கட்டும்: நான்கு கதவு இடுக்கு, சேஸிஸ் கைகள், டிக்கித் தரை, எண் தகடு, பின்கதவு ரப்பர், ராத்திரி முழுக்க நின்ற என்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் வீடியோ. குறைகளையும் நீங்களே படமெடுத்துப் போடுங்கள். ஜாக்கி, ஸ்டார்ட்டிங் ஹேண்டில், கையேடு, பழைய பில்கள் இவற்றை ஒரே மேசையில் பரப்பி ஒரு படம். மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற சங்கத்து ஆட்களிடம் சொல்லி வைத்தால் வருகிறவர் விஷயம் தெரிந்து வருவார்.

பணம் கைக்கு வந்த அன்றே, பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் நிரப்பிக் கையெழுத்திடுங்கள். வெறும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுக்கவே வேண்டாம். 14 நாளுக்குள் நீங்களும் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் கொடுத்து, ஒப்புகைச் சீட்டின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறும்வரை சட்டத்தின் கண்ணில் அந்த வண்டி உங்களுடையதுதான்.