பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள்: டூப்ளிகேட் டை ராடு எண்ட்

கார் ஸ்டியரிங் வேலையை வீட்டிலேயே பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ஒரிஜினல் என்று சொல்லி எனக்கு டூப்ளிகேட் டை ராடு எண்டைத் தலையில் கட்டிவிட்டார்கள். ஸ்டியரிங்கின் அசைவை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் நுனியில் இருக்கும் பந்து மூட்டுதான் டை ராடு எண்ட். பணம் போனதுகூடப் பரவாயில்லை. ஓடும்போது அது கழன்றிருந்தால் முன்சக்கரம் ஒன்று ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாமல் தன் போக்கில் திரும்பியிருக்கும். அந்தக் காரில்தான் என் குடும்பம் போய்வந்துகொண்டிருந்தது.

மேடு பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம், நேர் சாலையில் லேசான அலைபாய்ச்சல், டயரில் ஒரு ஓரம் மட்டும் தேய்மானம். காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருந்தது. 12, 6 இருக்கும் இடங்களில் இல்லை. மகனை அசைக்கச் சொல்லிவிட்டு டை ராடு எண்டின் மேல் விரலை வைத்தேன். ஆட்டம் விரலிலேயே தெரிந்தது.

பாகத்தை ஆன்லைனில் வாங்கினேன். பெட்டி, பாக எண், ஹாலோகிராம் எல்லாம் கச்சிதமாக இருந்தன. டை ராடு எண்டைக் கம்பியோடு இறுக்கிப் பிடிக்கும் லாக் நட் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, பழையது எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றுக்கே புதியதை ஏற்றி, சர்வீஸ் புத்தகம் சொன்ன டார்க்கில் (இறுக்க வேண்டிய அளவில்) நட்டை இறுக்கி, அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட்டு, நேராக வீல் அலைன்மெண்டுக்குக் கொண்டுபோனேன். சத்தம் நின்றது. சில வாரங்களில் அதே சத்தம், அதே பக்கம்.

இந்த முறை கார் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட கவுண்டரில் இன்னொன்று வாங்கி, இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரிஜினலின் பால் ஸ்டட்டை, அதாவது பந்து மூட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை, சாய்க்க நல்ல அழுத்தம் வேண்டும். சாய்த்த இடத்தில் அப்படியே நிற்கும். மற்றதில் ஸ்டட் தன் எடைக்கே தொங்கியது, மேலும் கீழும்கூட அசைந்தது. பந்து மூட்டின் மேல் இருக்கும் ரப்பர் பூட் (உறை) கிளிப் ஓரத்தில் வெடித்திருந்தது, உள்ளே கிரீஸ் பெயருக்குத்தான். ஒரிஜினலின் இரும்பிலேயே அடையாளம் அச்சடித்திருக்கிறது, இதிலோ ஸ்டிக்கர் மட்டும்.

என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது ஸ்டட்டின் கூம்புப் பகுதி. மார்க்கரால் மை பூசி, சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிளில் ஸ்டட் உட்காரும் துளையில் வைத்து, கொஞ்சம் அழுத்தித் திருப்பிவிட்டு எடுத்துப் பார்த்தேன். ஒரிஜினலில் மை சுற்றிலும், மேலிருந்து கீழ்வரை சீராக உரசிப் போயிருந்தது. டூப்ளிகேட்டில் மேல் விளிம்பில் மெல்லிய வளையம் மட்டும் உரசியிருந்தது, கீழே மை அப்படியே இருந்தது. கூம்பின் சாய்வே தப்பு. நட்டை எவ்வளவு சரியாக இறுக்கினாலும் அந்த மெல்லிய வளையத்தில்தான் மொத்தப் பாரமும் நின்றிருக்கிறது. இப்படி உட்காரும் ஸ்டட் துளைக்குள் ஆடி ஆடி நக்கிளையும் கெடுக்கும், ஒருநாள் முறியவும் செய்யும். நல்ல வேளை, நக்கிள் துளை தப்பியது.

படங்களோடு விற்றவருக்கு எழுதினேன். முதலில் "கராஜில் மாட்டிய பில் இருந்தால்தான் வாரண்டி" என்றார். விற்பனைப் பக்கத்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. அதைக் காட்டியதும் "நீங்கள் அதிகமாக இறுக்கியதால் பால் கெட்டிருக்கும்" என்றார். நட்டை இறுக்கினால் கூம்பின் சாய்வு எப்படி மாறும்? அதற்குப் பதில் இல்லை. வீட்டில் வேலை பார்ப்பவர் என்று தெரிந்தாலே பழியை நம் கை மேல் போட இவர்களுக்கு வசதியாகிவிடுகிறது. அதனால் பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், ஸ்டட்டை ஆட்டிப் பார்ப்பதையும் மை சோதனையையும் அதிலேயே காட்டுங்கள். மாட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் அவர்களால் ஒன்றும் பேச முடியாது. பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று, ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லை என்று நட்டைத் தளர்த்தி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தளர்த்தவே கூடாது, அடுத்த துளை வரும்வரை இறுக்கத்தான் வேண்டும்.

சமீபத்தில் இப்படி ஆன்லைனில் வாங்கி மாட்டியவர்கள் சத்தம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே காரைத் தூக்கி, 9, 3-இல் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ரப்பர் பூட்டைக் கையால் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டம் இருந்தால் காரை ஓட்டிக்கொண்டு எங்கும் போகாதீர்கள், வண்டி இருக்கும் இடத்திலேயே பாகத்தை மாற்றுங்கள். விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. அந்தப் பாகத்தை வெடித்த ரப்பர் பூட்டோடு அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறேன்.