ஆலப்புழா படகு வீடு: படத்தில் ஒன்று, படகுத்துறையில் வேறொன்று

டிசம்பர் விடுமுறைக்கு ஆலப்புழாவில் படகு வீடு எடுக்கப் போகிறவர்கள், முன்பணம் அனுப்புவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

ஏமாற்று பெரும்பாலும் ஒரே வழியில்தான் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் பளபளவென்று பத்துப் படங்கள் வரும். "ரெண்டு பெட்ரூம், ஏசி, சாப்பாடு எல்லாம் சேர்த்து, 21 மணி நேரம்." பாதிப் பணம் ஜிபேயில் போய்விடும். புன்னமடா படகுத்துறையில் போய் இறங்கினால் அந்தப் படகு இருக்காது. "அது ரிப்பேர் சார், இது அதைவிட நல்ல போட்" என்று பாயும் திரைச்சீலையும் நைந்த ஒன்றைக் காட்டுவார்கள். ரிப்பேர் எல்லாம் இல்லை. ஒரே படகைப் பல ஏஜென்ட்கள் விற்றிருப்பார்கள், கூடுதலாகக் கொடுத்தவருக்கு அது போயிருக்கும். மதியம் பன்னிரண்டு மணி, இடுப்பில் குழந்தை, கையில் பெட்டி, சீசன் நேரத்தில் மற்ற படகெல்லாம் நிரம்பியாகிவிட்டது. அந்த வெயிலில் யார் திரும்பிப் போவார்கள்? அதுதான் அவர்களுடைய முதலீடு.

இதற்கு ஒரே மருந்து, படகின் பதிவு எண். கேரளத்தில் ஓடும் படகு வீட்டுக்கு உள்நாட்டுப் படகுப் பதிவு உண்டு. 'கேஐவி' (KIV) என்று தொடங்கும் எண்ணைப் படகிலேயே எழுதியிருப்பார்கள். அந்த எண் தெரியும்படி படகின் வெளிப்புறப் படம் ஒன்று, அன்றைக்கு எடுத்த வீடியோ ஒன்று கேளுங்கள். "இந்த எண் படகு கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப" என்று ஒரு வரி எழுதி வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள். "இதே மாதிரி போட்" என்று பதில் வந்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்தது மணிக்கணக்கு. மதியம் 12-க்கு ஏறி மறுநாள் காலை 9-க்கு இறங்குவது வழக்கம், 21 மணி நேரம் என்பது அதுதான். ஆனால் மாலை ஐந்தரை வாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். இரவில் மீனவர்கள் வலை விரிக்கும் காயல் அது, ஓட்டக்கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேர நிறுத்தம். கழித்துப் பார்த்தால் முதல் நாள் ஓட்டம் நாலரை மணி நேரம், காலையில் இன்னும் கொஞ்சம். "கிளீனிங் நடக்குது" என்று ஒன்றரை மணிக்கு ஏற்றினால் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போச்சு. ஏறும் நேரத்தை எழுத்தில் வாங்குவது இதற்காகத்தான்.

'ஏசி' என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் இரவு 9 முதல் காலை 6 வரைதான். பகலிலும் வேண்டுமென்றால் அது வேறு வகை, வேறு விலை. ஏப்ரல், மே வெயிலில் இந்த வித்தியாசம் முதியவர்களுக்குத்தான் முதலில் உறைக்கும்.

"உள் வாய்க்கால் எல்லாம் போவோம்" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பெரிய படகு ஒடுங்கிய வாய்க்காலில் நுழையாது. அதற்கு ஷிகாரா என்ற சிறிய கூரைப் படகு அல்லது சிறு வள்ளம் வேண்டும், அதன் காசு தனி. குட்டநாட்டு வயல்களில் உப்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை டிசம்பர் வாக்கில் இறக்கிவிடுவார்கள். தெற்கே நீர் தேங்கும், ஆகாயத்தாமரை பாதையை அடைக்கும். ஆகவே "ரூட் பிளாக்" என்று சுருக்கும்போது அதில் பாதி உண்மையும் இருக்கலாம். எந்த ஊர் வரை போகும் என்று முன்பே கேட்டு வைத்தால் மீதிப் பாதியைப் பிடித்துவிடலாம்.

நேரு கோப்பைப் படகுப் போட்டிக்காகப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆகஸ்ட் இரண்டாம் சனி என்று பழைய கணக்கில் பணம் கட்டாதீர்கள். 2024-இல் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு செப்டம்பர் 28-க்குத் தள்ளிப்போனது, 2025-இல் ஆகஸ்ட் 30. தேதி மாறினால் முன்பணம் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

ஆலப்புழா எக்ஸ்பிரஸில் இறங்கியதும் பைக்கில் பின்தொடரும் புரோக்கரிடம் நின்று பேசவே வேண்டாம். அவருடைய கமிஷன் உங்கள் சாப்பாட்டில்தான் குறையும். வழியில் மீன் கடையில் படகை நிறுத்தினால், இறாலின் கிலோ விலையையும் சமையல் கூலியையும் சேர்த்துக் கேட்டுவிட்டு எடையைப் பாருங்கள். கரிமீன் ஆளுக்கு ஒன்று சாப்பாட்டில் சேர்த்தியா என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணுங்கள், குழந்தை அளவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இதே வேம்பநாட்டுக் காயலில் குமரகம் அருகே 2002 ஜூலையில் படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் மலப்புரம் மாவட்டத்துத் தானூரில் 22 பேர். அது அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு.

மாட்டிக்கொண்டால் மீதிப் பணத்தைக் கொடுக்காமல், எண் தெரியும்படி படகைப் படமெடுத்து, அரட்டைப் பதிவை அழிக்காமல் வையுங்கள். பணம் வாங்கியவர் போனை அணைத்து மறைந்துவிட்டால் உடனே 1930, இணைய மோசடிப் புகார் எண். படகு வந்து, சொன்னபடி இல்லையென்றால் 1915, நுகர்வோர் உதவி எண்.