பதினாறு வயதுப் பெண்ணுக்கு ‘உடல் வயது 34’ என்று சீட்டு: பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

சென்ற ஆண்டு மே மாதம், பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், திருச்சியில் உள்ள ஓர் எடைக்குறைப்பு மையத்தில் என் மகளைச் சேர்த்தேன். மூன்று மாதத் திட்டத்துக்கு 38,500 ரூபாய் கட்டினேன். அக்டோபரில் அவள் பள்ளி மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 44 ஆகக் குறைந்திருந்த நிலையில் மருத்துவமனையில் சேர்த்தோம். இடைப்பட்ட ஐந்து மாதங்களில் நடந்ததை, இதைப் போன்ற மையங்களின் விளம்பரத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, பெண்ணை அழைத்துப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

புகார் நிலுவையில் இருப்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. மகளின் எடையையும் அவளுக்குத் தந்த உணவுப் பட்டியலின் கலோரிக் கணக்கையும்கூட எழுதவில்லை. அதற்குக் காரணம் வேறு. உண்ணுதல் கோளாறில் சிக்கிய பிள்ளைகள் இன்னொருவரின் எண்ணைப் படித்தால், அதற்கும் கீழே இறங்க வேண்டும் என்று நினைப்பார்கள் என மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். இந்தப் பதிவை மகளிடம் கொடுத்து, அவள் படித்துச் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன்.

இதற்கான தொடக்கம் எங்கள் வீட்டில் நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏப்ரலில் நடந்த ஒரு திருமணத்தில் என் நாத்தனார் அவளைப் பத்துப் பேர் நடுவில் நிறுத்தி, “என்னடி இப்படிப் பூசிட்டே, தாவணியில பெரிய பொம்பளை மாதிரி இருக்கே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் திருமணப் படங்களில் தான் இருந்தவற்றை எல்லாம் அழித்தாள். நான் அவளை உட்கார வைத்து, பூப்படைந்தபின் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புச் சேர்வது இயற்கை என்றும், மாதவிடாய் ஒழுங்காக வருவதற்கே அது வேண்டும் என்றும் சொல்லியிருக்க வேண்டும். “சரி, குறைச்சிடலாம் விடு” என்றுதான் சொன்னேன்.

முதல் பரிசோதனை இலவசம் என்ற விளம்பரத்தை நம்பிப் போனோம். செருப்பைக் கழற்றி ஒரு கருவியின் மேல் நின்று, இரண்டு கைப்பிடிகளைப் பிடிக்கச் சொன்னார்கள். ஒரு நிமிடத்தில் அச்சிட்ட சீட்டு வந்தது. அதில் கொழுப்பு விழுக்காடு சிவப்பு நிறத்தில் இருந்தது. அதன் கீழே, உடல் வயது 34 என்று இருந்தது. அங்கிருந்த ஆலோசகர் அதைப் பேனாவால் வட்டமிட்டு, மகளைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “மேடம், பாப்பாவுக்கு வயசு பதினாறு, உடம்புக்கு முப்பத்தி நாலு. இப்பவே பிடிக்கலைன்னா பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) வரும், கல்யாணம் வரைக்கும் பிரச்சினை.” மகளின் முகம் வெளிறியது. அந்தச் சீட்டை அவள் பல மாதங்கள் தன் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தாள் என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் கருவி உடலுக்குள் மிக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, அது எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்து உடலிலுள்ள நீரையும், நீரிலிருந்து கொழுப்பையும் கணிக்கிறது. தண்ணீர் குடித்திருக்கிறோமா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று, மாதவிடாய் நெருங்கி உடலில் நீர் கோத்திருக்கிறதா என்பதைப் பொறுத்து அதே நாளில்கூட அந்த எண் மாறும். ‘உடல் வயது’ என்பதோ நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவே அன்று. கருவியைத் தயாரித்தவர்கள் வைத்த ஒரு கணக்கு. பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களின் உடல் நிறையெண்ணை (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ) பெரியவர்களின் அளவுகோலோடு ஒப்பிடவும் கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட, வயதுக்கும் பாலினத்துக்கும் தனித்தனியான வளர்ச்சி அட்டவணைகள் இருக்கின்றன. அதன்படி என் மகள் அன்று இயல்பான வரம்புக்குள்தான் இருந்தாள். மையம் அவளுக்கு எழுதிக் கொடுத்த ‘இலக்கு எடை’யோ, பெரியவர்களுக்கே எடைக்குறைவு என்று வரையறுக்கப்பட்ட 18.5 என்ற நிறையெண்ணுக்கும் கீழே போயிற்று. கூட்டுறவு வங்கியில் கடன் விண்ணப்பங்களை வரி வரியாகச் சரிபார்ப்பது என் வேலை. இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது மருத்துவமனை நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

சேர்ப்பதற்கு முன் யாரும் அவளுடைய மாதவிடாயைப் பற்றிக் கேட்கவில்லை, இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லவில்லை. உணவியல் நிபுணர் என்று அறிமுகப்படுத்தப்பட்டவர் உணவியலில் பட்டம் பெறாதவர், அந்த மையத்தின் பயிற்சி வகுப்பை மட்டும் முடித்தவர் என்பதும் பிறகுதான் தெரிந்தது. காலையும் இரவும் உணவுக்குப் பதிலாகக் குடிக்க மாவு டப்பாக்களைத் தந்தார்கள். வாட்ஸ்அப் குழு ஒன்றில் மகளையும் சேர்த்தார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு எடை பார்க்கும் கருவியின் மேல் நின்று, எண் தெரியும்படி காலைப் படம் எடுத்து அதில் போட வேண்டும். குறைந்தவர்களுக்கு நட்சத்திரம் கிடைக்கும். குறையாதவர்களிடம் முந்தைய நாள் என்ன ‘திருட்டுத்தனம்’ செய்தாய் என்று நாற்பது பேர் முன்னிலையில் கேட்பார்கள். ஒரு வாய்ச் சோறு சாப்பிட்டதைத் திருட்டு என்று ஒரு பிள்ளை நம்பத் தொடங்கியது அந்தக் குழுவில்தான்.

கண்ணெதிரே நடந்தும் நான் புரிந்துகொள்ளாத அறிகுறிகளை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவை எதுவும் தொடக்கத்தில் நோய்போலத் தெரியாது. தோசையைச் சிறு சிறு துண்டாகப் பிய்த்து முக்கால் மணி நேரம் தட்டில் தள்ளிக்கொண்டே இருப்பாள். தான் சாப்பிடாமல், எங்களுக்காகப் பால் பாயசமும் பிரியாணியும் சமைத்து, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரவெல்லாம் சமையல் காணொலிகளாகப் பார்ப்பாள். “தோழி வீட்டில சாப்பிட்டுட்டேன்மா” என்பது வாரத்துக்கு நாலு நாள் பதிலாயிற்று. திருச்சி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு குளிர்கிறது என்பாள். கடந்து போகும் கண்ணாடியில் எல்லாம் வயிற்றைக் கிள்ளிப் பார்ப்பாள். ஆகஸ்டு முதல், சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடும் பழக்கம் வந்தது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, மாதவிடாய் நின்றது. இது இரண்டையும் மையத்தில் கேட்டேன். உடலிலுள்ள நச்சு வெளியேறும்போது இப்படித்தான் இருக்கும், திட்டத்தை இன்னும் இரண்டு மாதம் நீட்டினால் சரியாகிவிடும் என்றார்கள். அதற்கும் 14,000 ரூபாய் கட்டினேன். அந்த நாட்களில் உறவினர்கள் எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள். அதே நாத்தனார், எந்த மையம் என்று என்னிடம் விலாசம் கேட்டார்.

மருத்துவமனையில் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பதால் இப்படி ஆகும். இதயம் திடீரென நின்றுவிடவும் கூடும். உடனே நிறையச் சாப்பாடு கொடுக்க நான் துடித்தபோது, அதுவும் கூடாது என்று தடுத்தார்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாக உணவைக் கொடுத்தால் இரத்தத்திலுள்ள பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், தினமும் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே படிப்படியாகத்தான் கூட்டினார்கள்.

அவள் பிடிவாதக்காரியாக மாறிவிட்டாள் என்று நான் அழுதபோது, மனநல மருத்துவர் அமெரிக்காவில் 1944-45இல் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிவியலாளர், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ ஆறு மாதங்கள் அரைப்பட்டினியில் வைத்தார். உணவைத் தவிர வேறு நினைவே இல்லாமல் போன அவர்கள், சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் இழுத்துச் சாப்பிட்டார்கள், எப்போதும் குளிர்கிறது என்றார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களைவிட்டு ஒதுங்கினார்கள். என் மகளிடம் நான் பார்த்தது ஒன்று விடாமல் அதில் இருந்தது. அந்த இளைஞர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி உணவு கிடைத்தது. வளரும் வயதிலிருந்த என் மகளுக்கு மையம் எழுதித் தந்த பட்டியல் அதைவிடவும் மிகக் குறைவு.

பட்டினி உடலை மட்டும் வாட்டுவதில்லை. தன் உடலைப் பற்றி மனத்துக்குள் இருக்கும் படத்தையும் சிதைக்கிறது. சிகிச்சையில் ஒருநாள், தன் இடுப்பின் சுற்றளவு எவ்வளவு இருக்கும் என்று ஒரு கயிற்றால் வளையமிட்டுக் காட்டச் சொன்னார்கள். அவள் போட்ட வளையத்துக்குள் அவளைப் போல இரண்டு பேர் நிற்கலாம். அவள் பொய் சொல்லவில்லை, அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. எடை குறையக் குறைய அந்தப் படம் திருந்தும் என்று நாம் நினைக்கிறோம். அது இன்னும் பெருக்கிறது, பிள்ளை இன்னும் குறைக்கப் பார்க்கிறாள்.

இந்தப் படம் எவ்வளவு எளிதில் வெளியிலிருந்து மாற்றப்படுகிறது என்பதற்குப் பிஜித் தீவில் நடந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு நெஞ்சடைத்தது. அங்கே நம் ஊரின் ‘பூசினாற்போல’ என்பதைப் போலவே சதைப்பிடிப்பான உடலைத்தான் அழகு என்று போற்றி வந்தார்கள். 1995இல் நத்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. 1998இல் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் மீண்டும் போய்ப் பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, எடையைக் கட்டுப்படுத்த வாந்தி எடுக்கும் பழக்கம், முன்பு ஒருவரிடமும் இல்லாதது, 11.3 விழுக்காட்டினரிடம் இருந்தது. அங்கே மூன்று ஆண்டுகளில் தொலைக்காட்சி செய்ததை, இங்கே ஒரு சீட்டும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஐந்து மாதங்களில் செய்து முடித்தன.

எலும்பும் தோலுமாக ஆனால்தான் நோய் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். 1979இல் ஜெரால்டு ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் விவரித்த, அளவின்றிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி போன்றவற்றால் அதை வெளியேற்றும் புலிமியா என்னும் வகையில் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். பருமனாக இருந்த பிள்ளை மிக வேகமாக இளைத்து, பார்ப்பதற்குச் ‘சரியான’ எடைக்கு வந்திருக்கும்போதே உள்ளே இதயம் தளர்ந்திருக்கவும் கூடும். ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும்.

மருத்துவமனைச் சீட்டுகளோடு மையத்துக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நான் கையொப்பமிட்ட படிவத்தின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், எக்காரணத்துக்காகவும் பணம் திருப்பித் தரப்படாது என்றும், படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்றும் அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். உங்கள் பெண் எங்கள் பட்டியலைத் தாண்டிப் போய்விட்டாள், அதற்கு நாங்கள் என்ன செய்வது என்றார்கள். நவம்பரில், கண்களை மட்டும் மறைத்த அவளுடைய ‘முன்-பின்’ படம் அவர்களுடைய விளம்பரத்தில் வந்தது. வகுப்புத் தோழி ஒருத்தி அதை அவளுக்கே அனுப்பினாள். அதற்குப் பிறகு இரண்டு நாட்கள் அவள் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதிப்பு நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதிடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். பிள்ளையைப் பற்றிக் கவலை இருந்தால் அதைவிட முதலில் அழைக்க வேண்டியது 14416. மத்திய அரசின் டெலி-மானஸ் என்னும் மனநல உதவிச் சேவை அது, இரவிலும் தமிழில் பேசுவார்கள். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், இசிஜியும் பொட்டாசியம் பரிசோதனையும் செய்யக் கேளுங்கள்.

மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டாள். மூன்று வேளையும் அவளுடைய தட்டில் நானோ அவள் அப்பாவோதான் பரிமாறுகிறோம். எண்ணைப் பேசாமல், முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருக்கிறோம். எடைக் கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டோம். மருத்துவமனையில்கூட எண்ணைப் பார்க்காதபடி அவளைத் திரும்பி நிற்க வைத்துத்தான் எடை பார்க்கிறார்கள். சென்ற மாதம் மாதவிடாய் திரும்பியிருக்கிறது.

இதே அனுபவம் உள்ள பெற்றோர்கள் தயவுசெய்து அந்த இலவசப் பரிசோதனைச் சீட்டையும் பணம் கட்டிய ரசீதையும் கிழித்துப் போடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து பிள்ளையை வெளியே எடுப்பதற்கு முன், அதிலுள்ள உரையாடல் முழுவதையும் சேமித்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆத்திரத்தில் அழித்துவிட்டதால், ஆணையத்தில் காட்ட எங்களிடம் அவள் நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த அந்த ஒரே சீட்டுதான் இருக்கிறது.