லியோனில் தங்க இடம்: க்ரூஸ் அறையா, தனியார் மாணவர் விடுதியா, பகிர்வு வீடா?

பிரான்சின் லியோனில் படிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த வளாகம் என்றுதான் முதலில் கேட்பேன். லியோன் 1 பல்கலைக்கழகத்தின் அறிவியல் பிரிவும் இன்ஸா என்ற பொறியியல் கல்லூரியும் இருக்கும் லா டுவா வளாகம், லியோன் நகரத்துக்குள் இல்லை. ஒட்டியிருக்கும் வில்லர்பானில் இருக்கிறது. லியோன் 2-இன் பெரிய வளாகம் இருப்பது பக்கத்து ஊரான ப்ரோனில். நகரின் நடுவே அழகான பழைய வீடு ஒன்றைப் பிடித்துவிட்டுத் தினமும் டிராமில் நின்றுகொண்டே போவதை விட, வகுப்புக்குப் பக்கத்தில் ஒரு சுமாரான அறை மேல்.

சரி, எங்கே தங்கலாம்? எல்லாரும் வாடகையைத்தான் ஒப்பிடுகிறார்கள். என் கருத்தில் அது இரண்டாவது கேள்வி. வாடகை கட்டாவிட்டால் உங்களுக்காகக் கட்டுவதற்கு யார் இருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. பிரான்சில் வீட்டுக்காரர் பெரும்பாலும் உத்தரவாதம் தருபவர் ஒருவரைக் கேட்பார். அவர் பிரான்சிலேயே வசிக்க வேண்டும், வருமானம் வாடகையைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பார். ஊரில் அப்பாவின் சம்பளச் சீட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அங்கே அதற்கு மதிப்பு குறைவுதான். இந்த இடத்தில் கைகொடுப்பது விசால். அக்சியோன் லோஜ்மான் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் உத்தரவாதம் இது. 30 வயது வரை உள்ளவர்கள் மாணவர் விசாவோடு விண்ணப்பிக்கலாம். வாடகைக்கு உச்சவரம்பு உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், பிறகு எடுத்தால் செல்லாது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். க்ரூஸ் என்பது அரசின் மாணவர் நல அமைப்பு. விலையில் அதை யாரும் மிஞ்ச முடியாது. குளியலறையோடு கூடிய 9 சதுர மீட்டர் அறை ஏறத்தாழ 250 முதல் 300 யூரோவுக்குக் கிடைக்கும், மின்சாரம், தண்ணீர், வெப்பமூட்டல் எல்லாம் அதிலேயே அடங்கும். விசாலையும் ஏற்பார்கள். குறை என்னவென்றால் அறை கிடைப்பதுதான். முதல் சுற்றில் உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கே முன்னுரிமை. மிச்சமிருக்கும் அறைகள் ஜூலையில் இணையத்தில் திறக்கும்போது முந்துபவருக்குக் கிடைக்கும். பரிமாற்றத் திட்டத்தில் வருகிறவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேசப் பிரிவிடம் கேட்பது நல்லது, சில இடங்களில் அவர்களுக்கென்று அறைகள் ஒதுக்கியிருப்பார்கள். சமையலறை மாடிக்கு ஒன்றுதான், பொது. கடுகு தாளித்தால் மொத்த நடைவழிக்கும் தெரியும்.

தனியார் மாணவர் விடுதி நேர் எதிர். ஸ்டூடியா, லேஸ்துதின் போன்ற நிறுவனங்கள் நடத்தும் கட்டடங்களில் சிறு ஸ்டூடியோ ஒன்று 600 யூரோவில் தொடங்கி 800 வரை போகும். கட்டில், மேசை, இரண்டு அடுப்புத் தட்டு, கீழே வரவேற்பாளர், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் இருக்கும். இதற்கா இவ்வளவு காசு என்று தோன்றும். நீங்கள் அங்கே வாங்குவது வசதியை அல்ல, ஊரிலிருந்தபடியே பதிவு செய்து, விமானத்திலிருந்து இறங்கி நேராகச் சாவி வாங்கும் உரிமையை. விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் காட்டவும் அது எளிது. முதல் சில மாதங்களுக்கு இதை எடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று வருடமும் அங்கேயே இருப்பவர்களைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கும்.

எனக்குப் பிடித்தது கோலோகாசியோன், அதாவது இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுக்கும் வீடு. ஒரு தனி அறை பெரும்பாலும் 450 முதல் 550 யூரோவுக்குள் அமையும். சொந்தமான சமையலறை, கொஞ்சம் பேச்சுத் துணை, பிரெஞ்சும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால், பெரும்பாலும் கூட்டுப் பொறுப்புப் பிரிவு இருக்கும். ஒருவர் வாடகை கொடுக்காமல் போனால் மற்றவர்கள் கொடுக்க வேண்டும். வீட்டை விட்டுப் போனவரின் பொறுப்பும் உடனே முடிவதில்லை, அவர் இடத்தில் வேறொருவர் ஒப்பந்தத்தில் சேராவிட்டால் அறிவிப்புக் காலம் முடிந்து அதிகபட்சம் 6 மாதம் வரை நீடிக்கும். அறைக்கு ஒரு தனி ஒப்பந்தம் என்றால் இந்தத் தலைவலி இல்லை. கிடைத்தால் அதையே கேளுங்கள். பொருட்களோடு கூடிய வீட்டுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. லியோனிலும் வில்லர்பானிலும் 2021 நவம்பரில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. அறைகளின் வாடகையைக் கூட்டினால் முழு வீட்டின் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. விளம்பரத்தில் அந்த உச்சவரம்பு குறிப்பிடப்படாமல் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

பகிர்வு வீடு ஊரிலிருந்தபடி பிடிப்பது கடினம், அதற்குக் காரணம் மோசடிகள். படங்கள் அழகாக இருக்கும், விலை குறைவாக இருக்கும், வீட்டுக்காரர் எப்போதும் வெளிநாட்டில் இருப்பார், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்பார். வீட்டைப் பார்க்காமலும் ஒப்பந்தம் கையெழுத்தாகாமலும் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

அப்புறம் ஏபிஎல். காஃப் என்ற அரசுக் குடும்ப நல அலுவலகம் தரும் இந்த வீட்டு உதவித்தொகையைக் கழித்து வாடகைக் கணக்குப் போடுவது ஒரு பழைய வழக்கம். 2026-க்கான நிதி மசோதாவில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும், படிப்பு உதவித்தொகை பெறாத மாணவர்களுக்கு இதை நிறுத்தும் திட்டம் முன்வைக்கப்பட்டது. ஆகவே முழு வாடகையையும் உங்கள் பணத்தில் கட்ட முடியுமா என்று பார்த்தே இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நான் சொல்லும் வரிசை இதுதான்: க்ரூஸுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள், ஜூலையில் திறக்கும் நாளன்று இணையத்தில் காத்திருங்கள். கிடைக்கவில்லையென்றால் குறுகிய காலத்துக்குத் தனியார் விடுதியில் இறங்குங்கள், விசாலை முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொண்டு அங்கிருந்து பகிர்வு வீடு தேடுங்கள். விடுதி ஒப்பந்தத்தில் எத்தனை மாதத்துக்கு முன் சொல்லிவிட்டு வெளியேறலாம் என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன் படித்துக்கொள்ளுங்கள்.